குட்டைக்கால் மோட்டார்

படகு என்பது தண்ணீரில் மிதக்கிற ஒரு மண் அரைக்கும் உருளை, அவ்வளவுதான் என்று நான் மனதார நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இதைவிட நீளமாக இருக்கும்.

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு சின்னப் பீங்கான் பட்டறை. மின்பலகையில் பியூஸ் கம்பியைத் தாங்குகிற பியூஸ் கேரியர் செய்கிறோம். பட்டறையின் ஒரு மூலையில் மண் அரைக்கும் இரும்பு உருளை ஒன்று நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு டன் மண்ணும் கூழாங்கல்லும். அதைச் சுற்ற ஏழரை குதிரைசக்தி மோட்டார். என் மச்சானின் படகு எட்டு டன். ஏழரையை எட்டால் பெருக்கினால் அறுபது. ஆக, அவன் படகுக்கு அறுபது குதிரைசக்தி மோட்டார் வேண்டும் என்று ஒரு பியூஸ் கேரியர் டப்பாவின் மூடியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, மூடியை மனைவியிடம் காட்டவும் செய்தேன். வாய்ப்பாடு கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கடலூரில் இருக்கிறான். நாற்பதடி ஃபைபர் படகு, வயிற்றுக்குள் ஒரு டீசல் இன்ஜின், அவனையும் சேர்த்து ஆறு பேர். போன வருடம் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அந்த டீசல் இன்ஜின் நின்றுவிட்டது. போனுக்கு டவர் கிடையாது. ஒன்றரை நாள் மிதந்திருக்கிறார்கள். வேறொரு படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. கரைக்கு வந்தவன், "ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றான். என் மனைவி அந்த ஒன்றரை நாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் குடித்தேன். கூடவே போண்டாவும் தின்றேன். எனக்குப் பதற்றம் வந்தால் பசிக்கும். அது என் உடம்பின் அமைப்பு.

அதற்குப் பிறகு அவள் ஒரு சட்டம் போட்டாள். படகின் பின்பக்கம் துணைக்கு ஒரு அவுட்போர்டு மோட்டார் தொங்கவேண்டும். பெரிய இன்ஜின் நின்றால் அதை இறக்கி ஓட்டிக்கொண்டு கரைக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தாலும் தம்பி கடலுக்குப் போகக் கூடாது.

"நீங்கதான தெனமும் மோட்டாரக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க. நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க. அவன வுட்டா ஏதாவது ஒண்ண மாட்டிக்கிட்டுப் போயிடுவான்" என்றாள்.

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் என் திறமையை அவள் ஒத்துக்கொண்ட முதல் சந்தர்ப்பம். மறுக்க மனம் வரவில்லை.

மங்கலம்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வளைகுடாவில் துறைமுகப் படகு ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து இப்போது கடை வைத்திருக்கிறார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அறுபது குதிரைசக்தி என்று எழுதிய மூடியை அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, உங்க மச்சான் யாரையாவது தொரத்திக்கிட்டுப் போறாரா?"

"இல்ல பாய். இன்ஜின் நின்னா திரும்பி வரணும்."

"அப்ப வேகம் எதுக்கு? ரோட்ல நின்னுபோன லாரிய நாலு பேரு தள்ளுறாங்க பாருங்க, அந்த மாதிரிதான் இது. மெதுவா தள்ளணும், விடாம தள்ளணும். பதினஞ்சு குதிரை போதும். ஆனா விசிறி பெருசா இருக்கணும், நிதானமா சுத்தணும். சின்ன விசிறி வேகமா சுத்துனா தண்ணியக் கலக்கும், படகு நவுராது."

அவுட்போர்டு மோட்டாரின் தலை மேலே இருக்கும், அதிலிருந்து நீளமாக ஒரு கால் இறங்கும், காலின் முனையில் தண்ணீருக்குள் சுற்றுவதுதான் விசிறி என்பதை அவர் ஒரு தேக்கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து விளக்கினார். எனக்கு எல்லாம் புரிந்தது. எனக்கு எப்போதும் எல்லாம் புரியும். பிரச்சினையே அதுதான்.

தடைக்காலம் முடிய இருபது நாள் இருந்தது. கடலூருக்குப் பஸ் ஏறினேன். மோட்டார் கடைக்காரர் என்னை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பெட்ரோலா, மண்ணெண்ணெயா? கயிறு இழுத்துக் கிளப்புவதா, பட்டனா? தனி டேங்கா? படகில் சமைப்பார்களா, அடுப்பு எந்தப் பக்கம்? நான் அரிசி வாங்கப் போன இடத்தில் ஜாதகம் கேட்கப்பட்டவன் மாதிரி முழித்தேன். ஒவ்வொன்றுக்கும் மச்சானுக்குப் போன். அவன் வலை தைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்களே முடிவு பண்ணுங்க."

"பெட்ரோல்னா அடுப்புப் பக்கத்துல வெக்கக் கூடாதாம், மச்சான்."

"அடுப்ப முன்னாடி மாத்திக்கிறேன், மாமா."

"கயிறா பட்டனா?"

"கயிறே வாங்குங்க. பேட்டரி போச்சுன்னா பட்டன அமுக்கி என்ன பண்றது?"

கடைசியில் கடைக்காரர் கேட்டார்: "கால் எவ்ளோ நீளம் வேணும், சார்?"

பதினைந்து, இருபது, இருபத்தைந்து இன்ச்சு என்று மூன்று நீளம் வருமாம். மோட்டாரை மாட்டுகிற பலகையிலிருந்து படகின் அடிமட்டம் வரை எவ்வளவோ, கால் அவ்வளவு இருக்கவேண்டும். குறைந்தால் விசிறி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். "அளந்துக்கிட்டு வாங்க" என்றார்.

இதுதான் என் களம். மச்சானின் படகு கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. பின்பக்கம் ஒரு இரும்புத் தாங்கி வெல்டிங் செய்து, அதில் பலகை ஒன்றும் போட்டிருந்தான். நான் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் எஃகு ஸ்கேலை உருவினேன். மூன்று முறை அளந்தேன். இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு. மச்சான் தன் டேப்பை எடுத்து நீட்டியபோது வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டேன்.

"நெறய நாளா அளக்குற கை, மச்சான். பீங்கான்காரன் அளந்தா ஒரு நூல்கூடத் தப்பாது."

கடைக்காரர் இருபத்திரண்டு என்றதும் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டுங்கெட்டானா இருக்குது. இருபது கையில இருக்குது. ரெண்டு இன்ச்சு கொறஞ்சா சமாளிக்கலாம். இருபத்தஞ்சு வேணும்னா சென்னையிலேருந்து வரணும். மூணு வாரம் ஆவும்."

மூன்று வாரம் என்றால் தடைக்காலம் முடிந்துவிடும். மச்சான் போனில், "மாமா, காலு நீளமா இருந்தா தப்பில்ல. ஒரு வாரம் லேட்டா போனாப் போவுது" என்றான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அளவு என்றால் அளவு. இருபத்திரண்டுக்குப் பக்கத்தில் இருப்பது இருபதா இருபத்தைந்தா? இருபது இன்ச்சு மோட்டாரை வாங்கிப் படகில் மாட்டியாயிற்று.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று மச்சான் போகும் சர்ச்சின் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மோட்டார் மேல் தீர்த்தம் தெளித்தார். அப்படியே படகில் உட்கார்ந்தும் கொண்டார். ஒரு சுற்று வரலாம் என்ற ஆசை அவருக்கு. மனைவி கரையில் நின்று கைபேசியில் படம் எடுத்தாள். மச்சான் பெரிய இன்ஜினை நிறுத்திவிட்டு மோட்டாரின் கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் கிளம்பியது. நான் படகில் நின்றவாறே கரையிலிருந்த கூட்டத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தேன்.

பிறகு அவன் வேகத்தைக் கூட்டினான். மோட்டார் கத்தியது. பின்னால் நுரை பொங்கியது. படகு நின்ற இடத்தில் நின்றது. இன்னும் கூட்டினான். இன்னும் கத்தியது. சாமியார் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போகாத படகில் போகிறவர் போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

படகில் இருந்த ஒருவர் சொன்னார்: "மோட்டாரு கூவுது, படகு தூங்குது."

மச்சான் குனிந்து பார்த்தான். விசிறி பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் தன் டேப்பை எடுத்து, பலகையிலிருந்து கீழே விட்டு அளந்தான். இருபத்தைந்து. என் ஸ்கேலை வாங்கி அளந்தான். இருபத்திரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். என் ஸ்கேலில் இருந்த ஒவ்வொரு இன்ச்சும் அவன் டேப்பின் இன்ச்சைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பீங்கான் மண் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் அச்சைப் பெரிதாகவே வெட்டவேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாது என்று, சுருக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்ட தனி ஸ்கேல் ஒன்றை அச்சு வெட்டுகிற நாங்கள் வைத்திருப்போம். என் பையில் வருடக்கணக்காக இருப்பது அந்த ஸ்கேல்தான். நான் படகை, சுட்டு எடுத்த பிறகு அது என்ன அளவு இருக்குமோ அந்த அளவுக்கு அளந்திருக்கிறேன்.

இதை அவர்களுக்கு விளக்கித் தொலைத்தேன். அதுதான் அன்றைய இரண்டாவது தவறு.

"அப்ப எங்க படகயும் சூளையில வெச்சி சுட்டுட்டா மோட்டாரு சரியாயிடும், இல்ல மாமா?" என்றான் மச்சான்.

சாமியார்தான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. நானும் சிரித்தேன். கரையைப் பார்த்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் படம் எடுப்பதை நிறுத்தியிருந்தாள்.

உப்புத்தண்ணீர் பட்ட மோட்டாரைத் திருப்பி எடுக்கமுடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நியாயம்தான், ஆனாலும் அவர்மேல் எரிச்சல் வந்தது. அடுத்த மூன்று நாளில் பாண்டி, நாகப்பட்டினம், சென்னை என்று கையில் கிடைத்த எண்ணுக்கெல்லாம் போன் செய்தேன். இருபத்தைந்து இன்ச்சுக் கால் எல்லா ஊரிலும் மூன்று வாரம் தள்ளியே இருந்தது. பட்டறையில் வெந்த சரக்கை எண்ணிக்கொண்டே போனில் கெஞ்சினேன். எண்ணிக்கையும் தப்பியது. வீட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. நான் கேலி செய்து அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். "ஒங்களுக்கு எல்லாமே வெளயாட்டு. தண்ணியில நிக்கப்போறது என் தம்பி" என்றாள்.

மச்சான் இதற்குள் வெல்டரைக் கூட்டிவந்து, தாங்கியை அறுத்து, பலகையை ஐந்து இன்ச்சு கீழே இறக்கிவிட்டான். அரை மணி நேர வேலை. விசிறி தண்ணீருக்குள் போய்விட்டது. படகு நகர்ந்தது, நடக்கிற மனிதனின் வேகம்.

கடைக்காரர் மட்டும் போனில் எச்சரித்தார். "சார், இப்ப மோட்டாரு தலை தண்ணிக்கிட்ட வந்துடுச்சு. பின்னாலேருந்து அலை அடிச்சா உள்ள போயிடும்."

அதை அப்படியே மச்சானிடம் சொன்னேன். நீளக்கால் மோட்டார் ஒன்று வாங்கும்வரை போகவேண்டாம் என்று கெஞ்சினேன்.

"ரெண்டு மாசமா வூட்டுல உக்காந்தாச்சு மாமா. கூட வர்ற அஞ்சு பேரையும் இன்னும் உக்கார வெக்க முடியாது. பாத்துக்கறேன்" என்றான். தடைக்காலம் முடிந்த அன்றே போய்விட்டான்.

மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது டீசல் இன்ஜின் மறுபடி நின்றது. எனக்குச் செய்தி வந்தது மதியம். நான் சூளை வாசலில் நின்றிருந்தேன். மனைவியின் குரல் மெதுவாக இருந்தது. அவள் குரல் மெதுவாக இருந்தால்தான் எனக்குப் பயம்.

"ஏங்க, அவன் போன் பண்ணான். இன்ஜின் நின்னுபோச்சாம். ஒங்க மோட்டாருலதான் வந்துக்கிட்டு இருந்தாங்களாம். பேசிக்கிட்டு இருக்கும்போதே கட்டாயிடுச்சு."

ஒங்க மோட்டாரு. கடலூர் பஸ்ஸில் ஏறி நின்றவாறே அவனுக்கு முப்பது தடவையாவது போன் அடித்திருப்பேன். வடலூர் தாண்டும்போது ஒரு தடவை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "ஒடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டு இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். அன்றைக்குப் பசிக்கவில்லை.

நான் துறைமுகத்தில் இறங்கியபோது அவர்கள் கரைக்கு வந்துவிட்டிருந்தார்கள். என் மோட்டார் அந்தப் படகை இரண்டரை மணி நேரம் தள்ளியிருக்கிறது. பிறகு பின்னாலிருந்து ஒரு அலை ஏறி, தலைக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. அதற்குள் டவர் கிடைக்கிற தூரத்துக்கு வந்துவிட்டதால் மச்சான் அக்காவுக்கு ஒரு போன், பக்கத்துப் படகுக்காரருக்கு ஒரு போன் செய்திருக்கிறான். பக்கத்துப் படகுக்காரர் வந்து கயிறு கட்டி மிச்ச தூரத்தை இழுத்துவந்தார். ஆறு பேரும் நலம். மறுவாரம் மச்சான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் இருபத்தைந்து இன்ச்சுக் கால் உள்ள மோட்டாருக்குச் சொல்லிவிட்டு வந்தான். என்னைக் கூப்பிடவில்லை.