சித்திரை வெயிலில் சுவெட்டர் போட்டு நின்றது

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதையே இரண்டு தடவை எழுதிப் பார்த்தவன், இனி எதையும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மற்ற ஊர்களில் மாதம் பார்த்து உடுப்பு மாற்றுவார்கள். எங்கள் பக்கம் பஸ் பார்த்து மாற்றுவார்கள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் வண்டி ஏறுகிறவன் சுவெட்டர் தேடுவான். இறங்குகிறவன் பொத்தானைக் கழற்றுவான். அங்கே ஒரு சுவெட்டர் கடையில் போன சித்திரையில் சேர்ந்தேன். திண்டுக்கல்லில் நான் சேர்ந்து விடாத வேலை பாக்கியில்லை. இதையும் விட்டால் வீட்டில் சோறு கிடையாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

முதலாளி எனக்கு சுவெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் மாட்டி வாசலில் நிறுத்தினார்.

"நல்லா நடுங்குப்பா. பாக்குறவனுக்குக் குளிரணும். சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாச்சும் விக்கல, நாளைக்கு வராத."

நடுங்கினேன். வேர்வை குல்லாவுக்குள்ளிருந்து கிளம்பி மூக்கு வழியாக இறங்கியது. கடைக்கு ஏற வந்த ஒரு அம்மா சட்டென்று பிள்ளையை இழுத்துக்கொண்டார்.

"என்னங்க, இந்தத் தம்பிக்கு மலேரியா போல. நடுங்குது, வேர்க்குது. வாங்க போயிருவோம்."

மதியம் வரை வந்தவர்களெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். ஒருத்தர் மட்டும் நின்று, கஷாயம் குடிக்கச் சொன்னார்.

அப்போது மலையிலிருந்து வந்த வண்டியில் ஒருவர் இறங்கினார். கழுத்து வரை சுவெட்டர். முகம் அவித்த பனங்கிழங்கு.

"அண்ணே, அதைக் கழட்டிட்டுச் சட்டை போடலாம்ல?"

"மேல ஒரே மழை அப்பு. சட்டை பூராம் ஈரமா பையில கெடக்கு."

"அப்ப என் சட்டைய எடுத்துக்கங்க. உங்க சுவெட்டரக் குடுங்க."

யோசிக்கவே இல்லை மனுசன். கடைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டோம். வெறும் உடம்பில் கடைச் சுவெட்டரை மாட்டிக்கொண்டு, அவருடையதை அடுத்த வண்டிக்கு நின்றவரிடம் விற்றேன். சூடு ஆறாமல் இருந்ததால் தரமான கம்பளி என்று நம்பிவிட்டார்.

முதலாளியிடம் பணத்தைக் கொடுத்தேன். அவர் அலமாரியைப் பார்த்தார்.

"ஏலே, கடையில ஒண்ணும் கொறையலையே. எதை வித்த?"

நடந்ததைச் சொன்னேன். வேலை போனதென்று சுவெட்டரைக் கழற்றக் கை வைத்தேன்.

"இருப்பா, இருப்பா. நாளைக்கும் வா. வரையில வீட்டுல கெடக்குற பழைய சட்டை அம்புட்டையும் அள்ளிட்டு வா."

என்னிடம் இருந்ததே மூன்று சட்டை, ஒன்று போய்விட்டது. திரும்பும் பஸ்ஸிலேயே கூட்டாளிக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, அவனுடைய பழைய சட்டைகளைக் கேட்டேன்.

"தாரேன்டா, ஆனா நான் மலைக்குப் போறப்ப எவன் வேர்வைய நீ என் தலையில கட்டப் போறன்னு மட்டும் முன்னாடியே சொல்லிரு."