ஹெல்மெட்டில் ஒட்டிய தாய்மொழி

மனிதர்களை இரண்டு நிறமாகப் பிரித்துவிட்டால் வேலை சுளுவாக நடக்கும் என்று எங்கள் மேனேஜருக்கு ஒருநாள் தோன்றியது. 2013 வாக்கில், ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. வருகைப் பதிவு, அடையாள அட்டை, ஹெல்மெட் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். தமிழ் ஆட்களின் ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கர், இந்தி ஆட்களுக்கு ஆரஞ்சு என்று உத்தரவு வந்தது. ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கும் பத்து நிமிஷக் கூட்டத்தில் பச்சை ஒரு பக்கம், ஆரஞ்சு ஒரு பக்கம் நிற்க வேண்டும். அன்றைய எச்சரிக்கைகளை அவரவர் மொழியில் சொல்வார்கள். மேனேஜர் இதைப் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பாராட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆரஞ்சில் யாரெல்லாம் இருந்தார்கள் என்கிறீர்கள்? ஒடியாக்காரன், வங்காளி, அசாமி, பீகாரி, ஜார்க்கண்டில் ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் இந்தியையே பள்ளிக்கூடத்தில்தான் கேட்ட ஒருவன். கும்மிடிப்பூண்டியைத் தாண்டிப் பிறந்தவன் எவனும் இந்திக்காரன். அவ்வளவுதான் எங்கள் பூகோளம். டிகிரி முடித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

நான் ஒன்றும் ஒசத்தி இல்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்கு அறை தேடியபோது, நிலத்தை விற்று மூன்று மாடி எழுப்பியிருந்த வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "தெக்கத்தியா? இன்னா ஆளுங்க நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், சாவி கிடைத்தது. அங்கிருந்த காலம் முழுவதும் நான் அவர் வாயில் "தெக்கத்தியான்"தான். அந்த மனுஷன்மேல் எனக்கு இருந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த வெறுப்போடுதான் தினமும் கம்பெனி பஸ் ஏறிப் போய் ஹெல்மெட்டுகளில் ஆரஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மணிப்பூரிலிருந்து வந்த ஒருவன் கான்ட்ராக்டில் சேர்ந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். முதல் நாள் வாசலில் செக்யூரிட்டி அவன் முகத்தைப் பார்த்து, வெளிநாட்டு இன்ஜினியர் என்று நினைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்திருக்கிறார். அவன் கான்ட்ராக்ட் சீட்டை நீட்டியதும், வீணாய்ப்போன சல்யூட்டுக்குப் பழிவாங்குவதுபோல் அவன் பையை இரண்டு தடவை குடைந்தார். கேன்டீனில் அவன் பெயர் சைனா. சூப்பர்வைசருக்கு நேபாளி. ஸ்டிக்கர் மட்டும் இந்தி.

அவனுக்கு இந்தி தெரியாது. குன்றத்தூரில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் மூன்று வருஷம் இருந்தவன், தமிழ்தான் பேசுவான், அதுவும் என்னைவிட உள்ளூர்த் தமிழ். இரண்டாம் வாரமே என் மேஜைக்கு வந்துவிட்டான்.

"அண்ணா, எனக்கு இந்தி சுத்தமா வராது. எங்க ஊர்ல இந்திப் படம்கூட ஓடாது. பச்சை குடுத்துடுங்கண்ணா. காலைல அவுங்க இன்னா சொல்றாங்கன்னே புரிய மாட்டேங்குது."

அவன் கேட்டது ஒரு ரூபாய் பெறாத ஸ்டிக்கர். ஆனால் அவன் நின்றது பவர் பிரஸ்ஸில். டன் கணக்கில் அழுத்தம் இறங்கும் இயந்திரம் அது. என்றைக்கு எது பழுது, எதில் கை வைக்கக் கூடாது என்பதைக் காலைக் கூட்டத்தில்தான் சொல்வார்கள். தமிழ்ப் பக்கம் போய் நின்றுகொள்ளலாம் என்று அவனும் முயன்று பார்த்தான். சூப்பர்வைசர் தோளைப் பிடித்து, உன் ஆளுங்க அங்கே நிற்கிறார்கள் என்று தள்ளிவிட்டார். அவனுடைய ஆளுங்க யாரும் அங்கே இல்லை.

நான் மாற்றிக் கொடுத்திருக்கலாம். லிஸ்ட் மேலே போய்விட்டது, மேனேஜர் கையெழுத்து வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தேன். மூன்றாவது தடவை வந்தபோது எரிச்சலில் வாயை விட்டேன். "தம்பி, உன் மூஞ்சிக்குப் பச்சை ஒட்டுனா பாக்கிறவன் சிரிப்பான்." பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அவனும் சிரித்து வைத்தான். நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு டீ குடிக்கப் போனேன். இன்று நினைத்தால் அந்த டீயின்மேல்கூடக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அடுத்த மாதம் வருவதற்குள் அது நடந்துவிட்டது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில், கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை. ஆர்டர் அவசரம் என்பதால் அப்படியே ஓட்டினார்கள். இடுக்கியால்தான் தகடு எடுக்க வேண்டும், கை கூடாது என்று தமிழிலும் சொன்னார்கள், இந்தியிலும் சொன்னார்கள். ஆரஞ்சு வரிசையில் நின்று தலையாட்டிவிட்டுப் போனவனுக்குப் பத்து மணிக்குள் வலது கையில் மூன்று விரல் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை என்று கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேனேஜர் அம்பத்தூர்க்காரர், அவருக்குத் தெரிந்த இந்தி ஆட்டோ பிடிக்கக்கூடப் போதாது. அதை வைத்துக்கொண்டு, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்கக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தொழிலாளிக்கு அவரது தாய்மொழியான இந்தியில் முறையாக எச்சரிக்கை செய்யப்பட்டது, அவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று எழுதி அவன் முன்னால் வைத்தேன்.

அவன் காகிதத்தை இடது கையால் தன் பக்கம் திருப்பினான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். பஸ் போர்டு பார்த்தே கற்றுக்கொண்டிருப்பான் போல. தா, ய், மொ, ழி என்று மெதுவாக வந்து, 'இந்தியில்' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"இது யாருண்ணா?"

கோபம் இல்லை அவன் குரலில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். மேனேஜர் மேஜையைத் தட்டி, "ஸைன் கரோ, ஸைன்" என்றார். வேண்டாம் தம்பி, போடாதே என்று நான் சொல்லியிருக்கலாம். மை டப்பாவை நகர்த்தி வைத்தேன். இடது பெருவிரலை அழுத்தினான்.

கைநாட்டு என்றால் கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். எழுதினேன். 'படிக்கத் தெரியாதவர். இந்தியில் வாசித்துக் காட்டப்பட்டது.' அதற்கும் கீழே சாட்சி என்று போட்டு என் கையெழுத்து.