வில்லனுக்கு என் மூக்கு

செவ்வாய்க்கிழமை காலை பெருங்களத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது ஏழுமலை போன் செய்தான். எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பழகிய அந்தக் குரல் அன்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "சார், ரூத்தக்கா பூட்டாங்க சார். காத்தால பக்கத்து வூட்டு கோமதியம்மா கதவ தட்டிப் பாத்துக்கீறாங்க. தூக்கத்துலயே..." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆளா அவர்? ரயில் வந்து நின்று போனது. நான் அங்கேயே நின்றேன்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த எங்கள் காமிக்ஸ் பதிப்பகத்தை உங்களில் பலர் அறிவீர்கள். வெளிநாட்டுச் சித்திரக் கதைகளைத் தமிழில் கொண்டுவந்தோம். நான் மொழிபெயர்ப்பேன். ரூத் மேடம் அதைப் பேச்சு பலூனுக்குள் கையால் எழுதுவார், தேவைப்பட்டால் படத்தையும் திருத்துவார். என் வாக்கியங்கள் நீளம், பலூன்கள் சின்னவை. எங்கள் சண்டைகளில் முக்கால்வாசி இதனால் வந்தவைதான். "சிரிப்பு வர்ற வார்த்தை கடைசியில நிக்கணும் சார். அதுக்கப்புறம் ஒரு புள்ளி. நீங்க அதுக்கு மேலயும் பேசிட்டே இருக்கீங்க" என்பார். இருபத்தைந்து ஆண்டுகள் இதைச் சொன்னார். இன்றும் நான் திருந்தவில்லை என்பது இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும்.

ரூத் என்ற பெயரைக் கேட்டதும் கிறிஸ்தவர் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார். ஜெபக்கூட்டம் போலிருக்கிறது என்று அதற்கும் நாங்களே காரணம் கண்டுபிடித்தோம். ஒரு நகைச்சுவைக் கதையில், எந்நேரமும் மகனைச் சாப்பிடச் சொல்லிப் பிடுங்கி எடுக்கும் அம்மா ஒருத்தி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கைகளால் கண்ணை மூடி நிற்பாள். மெழுகுவத்தி என்றால் கிறிஸ்துமஸ்தானே? அவள் வாயில் கிறிஸ்துமஸ் வாழ்த்தைப் போட்டுவிட்டேன். ரூத் மேடம் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"சார், எல்லாரும் விசிறிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இந்த வெயில்ல கிறிஸ்துமஸா?"

நான் பக்கத்தை மறுபடி பார்த்தேன்.

"இது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஓய்வுநாள் ஆரம்பிக்குது. இந்தம்மா கண்ணை மூடியிருக்காங்க பாருங்க, எங்கம்மா கொச்சியில இப்படித்தான் மூடுவாங்க. நானும் சேலையூர்ல இப்படித்தான் மூடறேன். நாங்க யூதர்கள் சார்."

அதற்குள் பத்து வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். வெட்கத்தில் அசட்டுத்தனமாக, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்றார். அன்று மதியம் சாப்பாட்டு வேளை முழுவதும் அவர் பேசினார், நான் வாயைப் பிளந்து கேட்டேன். நாங்கள் விற்றுப் பிழைக்கும் இந்தச் சித்திரக் கதைகளைத் தொடங்கியவர்களில் பலர், அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன யூதர்களின் பிள்ளைகள் என்றார். வேறு வேலைக்குச் சேர்த்துக்கொள்ளாததால் அந்தப் பையன்கள் இந்த மலிவுத் தாளுக்கு வந்தார்களாம். "பகல்ல ஒரு பேரு, பறக்கும்போது ஒரு பேருன்னு ஹீரோவுக்கு வெச்சாங்க இல்ல? வெளியில ஒரு பேரு, வீட்டுல ஒரு பேருன்னு வாழ்ந்தவனுக்குத்தான் அது தோணும்." எத்தனை பறக்கும் வீரர்களைத் தமிழ் பேச வைத்திருக்கிறேன்! ஒருநாளும் எனக்கு இது உறைக்கவில்லை.

இப்போது மூக்குக்கு வருகிறேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் ஏழுமலை சொல்லிவிடுவான். பழைய சாகசக் கதை ஒன்று வந்தது. அதில் ஊரையே கவிழ்க்கச் சதி செய்யும் கிழவன்: கூன் முதுகு, உதட்டைத் தொடும் கொக்கி மூக்கு. தமிழில் பேராசைக்காரக் கிழவனை எப்படிப் பேசவைப்பது என்று யோசிக்கவே இல்லை. அவனை வட்டிக்கடைச் சேட்டாக்கி, "நம்பள்", "நிம்பள்" என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். எழுதும்போது நானே சிரித்தேன். புத்தகம் அச்சாகி வந்த அன்று அலுவலகம் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. வில்லனுக்குக் கொக்கி மூக்கைக் காணோம். நுனியில் போண்டா மாதிரி உருண்ட ஒரு மூக்கு இருந்தது. என் மூக்கு! நாற்பத்தெட்டுப் பக்கத்திலும் ஒரு கட்டம் விடாமல் வெள்ளை மை பூசி, தூரிகையால் வரைந்திருந்தார். என் வசனமும் மாறியிருந்தது. கிழவன் சுத்தமான தமிழில் சதி செய்துகொண்டிருந்தான்.

நான் குதித்தேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"ஒரே ஒரு புத்தகம் சார். அதுக்கே உங்களுக்கு இவ்வளவு கோபம் வருது. அந்தக் கொக்கி மூக்கை எங்களுக்கு எத்தனை தலைமுறையா வரையறாங்க தெரியுமா? வரைஞ்சு வரைஞ்சே கொல்ற வரைக்கும் போனாங்க. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அப்படி மூக்கு கிடையாது. இப்ப நீங்க அதை சேட்டு தலையில கட்டறீங்க."

கொஞ்சம் நிறுத்தி, "உங்க மூக்கு நல்லாத்தான் இருக்கு. வரையறது சுலபம்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்து முடித்தபோது, என் வேலையைப் பற்றி அதுவரை நினைத்திருந்தது எல்லாம் கலைந்துபோயிருந்தது. திட்டாமல், ஒரு கூட்டம் போடாமல், ஒரு தூரிகையால் மனிதனைத் திருப்பிப்போட முடியுமா? அன்று எனக்கு வந்த பிரமிப்பு இன்னும் இறங்கவில்லை. அதன்பிறகு நான் யாரையும் சேட்டாக்கவில்லை.

சேலையூரில் அவர் வீட்டுக் கதவு நிலையில் விரல் நீளப் பித்தளைக் குழாய் ஒன்று சாய்வாக அடித்திருக்கும். உள்ளே வேத வாசகம் எழுதிய தோல் சுருள். பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா ஆயுத பூஜை அன்று கேட், ஸ்கூட்டர், மிக்ஸி என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். அது என்னவென்று பின்னால் தெரிந்ததும் அக்கா பதறிப்போனார். "தொடைச்சுடட்டுமா ரூத்?" என்று கேட்டாராம். "இருக்கட்டும் கோமதி. கடவுள் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன். நாங்க அவர்கிட்ட சண்டை போட்டே பழகினவங்க. பேசாம இருந்தாத்தான் அவருக்குப் பிடிக்காது." பிறகு வருடா வருடம் அந்தக் குழாய்க்குப் பொட்டு உண்டு.

அந்த மனுஷிக்கும் ஒரு பயம் இருந்தது. அவர்கள் வழக்கப்படி இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டும். "இந்த ஊர்ல எனக்கு எங்க சார் பத்துப் பேரு? ஓரமா கொண்டுபோய் வெச்சிட்டு வந்துடுவாங்க" என்று ஒருமுறை சொன்னார். அதை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே அடக்கம். கொச்சியிலிருந்து தம்பி மகன் பறந்து வந்தார், அவர் ஒருவர்தான். சின்னப் புத்தகம் ஒன்றைத் திறந்து, பத்துப் பேர் இல்லாததால் அந்தப் பிரார்த்தனையைச் சொல்ல முடியாது என்று தயங்கி, அதற்குப் பதில் வேதத்திலுள்ள துதிப்பாடல் ஒன்றை மெல்லிய குரலில் படித்தார். நாங்கள் சுற்றி நின்றோம். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் மாட்டி, கடைசியாக ஓடிவந்தவன் நான். அவர் பயந்தது நடந்துவிட்டது.

மறுநாள் கோமதி அக்கா ஒரு உறையைக் கொண்டுவந்தார். "உங்ககிட்ட குடுக்கச் சொல்லி ரெண்டு வருஷம் முன்னாடியே குடுத்து வெச்சா." உள்ளே ஒரே ஒரு படம். மண்மேடிட்ட ஒரு கல்லறை. சுற்றிலும் முதலாளி, ஏழுமலை, குங்குமச் சிமிழோடு கோமதி அக்கா, ரூத் மேடம் வழக்கமாக ஏறும் ஆட்டோவின் ஓட்டுநர், இன்னும் சிலர். மூலையில் பையைத் தூக்கிக்கொண்டு தாமதமாக ஓடிவருகிறேன். எண்ணினேன். என்னோடு பத்து. ஆண், பெண் பார்க்காமல் எண்ணியிருந்தார். பத்துப் பேருக்கும் கொக்கி மூக்கு! நாற்பத்தெட்டுப் பக்கத்திலிருந்து அழித்தெடுத்த அதே மூக்கு. மேலே மேகத்தில் கடவுள், பக்கத்தில் ரூத். கடவுளின் பலூனில், "பத்துப் பேர் ஆச்சா ரூத்?" ரூத்தின் பலூன் காலி.

பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார்: "இது உங்க பலூன் சார். அழுகை கூடாது. ஆறு வார்த்தைக்கு மேல இடம் இல்லை."

மூன்று வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாம் நீளம், எல்லாம் அழுகை. நேற்று, அவர் எப்போதோ என்னிடம் விட்டுப்போன தூரிகையை எடுத்து, கோணல் எழுத்தில் நிரப்பினேன்:

"மூக்கைப் பாருங்க சாமி, எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தத் தூரிகை, அந்தப் படம், அந்த மூக்கு. மூன்றையும் வைத்துக்கொள்கிறேன்.