பீலித் தண்ணிக்கு எத்தனை புள்ளி?

ஆமிக்காரங்க காலி பண்ணிட்டுப் போன காம்ப்கள்ல மண்ணையும் தண்ணியையும் சோதனைக்குச் சீசாவுல அடைக்கிறதுதான் என் தொழில். எல்லா இடத்தையும் ஒரே நேரத்துல சுத்தம் பண்ண முடியாதாம், அதனால எது முதல்லன்னு வரிசை போடணும். ஆஸ்பத்திரியில நம்பர் எடுத்துக் காத்துக் கிடந்த உங்களுக்கு இது புரியும்.

மூணு கேள்வி

அழுக்கு எவ்வளவு மோசம், எந்தப் பக்கம் ஓடுது, யாரு குடிக்கிறாங்க? இந்த மூணுக்கும்தான் புள்ளி. கொடகவெலப் பக்கம் ஒரு காம்ப்ல டீசல் ஊறி மண்ணே கறுத்துக் கிடந்துச்சு. ஆனா பள்ளத்துல ஒரு வீடு கூட இல்ல, புள்ளி குறைஞ்சு போச்சு. மேல ரோட்டுல கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானா ஒருத்தரு மூக்கைப் பொத்திக்கிட்டே கேட்டாரு: "அப்ப ஆள் குடிவந்த பொறகுதான் வருவீங்களா தம்பி?"

செம்புத் தண்ணி

அடுத்தது நிவித்திகலவுக்கு மேல, நான் பொறந்த தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடம் விட்டதும், லயத்து வீடுகளுக்கு மலை ஊத்துத் தண்ணி வந்து கொட்டுற பீலியில ரெண்டு கையையும் ஏந்திக் குடிப்போம், பல்லு கூசும். கொழும்புல போத்தல் தண்ணி குடிக்கிறப்பல்லாம் அந்தக் குளிர்ச்சிக்கு ஏங்கிப் போவேன். மலையில காம்ப் வந்த பொறகு பீலியில எண்ணெய் மிதக்குது. அன்னையிலேர்ந்து என் அக்கா தோட்டத்தோட கீழ் டிவிஷனுக்கு இறங்கிக் குடத்துல நல்ல தண்ணி சுமக்குறா.

சொந்த ஊருக்குப் புள்ளி போடுற படிவத்தை நான் நிரப்பக் கூடாதுன்னு விதி. நான் பீலியில சீசாவை நிரப்பிக்கிட்டு இருந்தேன், எங்க மேலதிகாரி மாத்தயா அக்கா வீட்டு வாசல்ல உக்காந்து எழுதினாரு. சுமந்து வந்த தண்ணியை விளக்கின செம்புல குடுத்தா அக்கா. பீலித் தண்ணியைக் குடிக்கிறீங்களான்னு அவரு கேட்டதுக்கு, சிரிச்ச முகத்தோட சிங்களத்துலயே சொன்னா: "இல்லீங்க ஐயா, எங்களுக்கு நல்ல தண்ணி இருக்கு, ஒரு குறையும் இல்ல."

பட்டியல்

பட்டியல் வந்துச்சு. எங்க தோட்டம் கடைசி. யாருமே குடிக்காத தண்ணிக்கு அவசரம் என்ன? திருத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன், இன்னும் பதில் இல்ல. ஊருக்குப் போய் அக்காகிட்ட சண்டை போட்டேன். சுமக்கிற கதையை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. அவ இடுப்புக் குடத்தை இறக்கி வச்சிட்டுச் சொன்னா: "வீட்டுக்கு வந்த மனுசன்கிட்ட பட்ட பாட்டைச் சொல்லிக்கிட்டே தண்ணி குடுக்க முடியுமா? அப்புறம் அது அவரு தொண்டையில எப்படிடா எறங்கும்?"

எங்க தொழில்ல, கெட்ட தண்ணியைக் குடிச்சுப் படுத்தவங்களுக்கு முதலிடம், குடிக்காம மலை ஏறிச் சுமக்கிறவங்களுக்குக் கடைசி இடம்.