தாமதத்துக்கு மூன்று சுற்று

அடையாறில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போய்க்கொண்டிருக்கிறேன். என் இரண்டு முட்டிகளும் பேசி வைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. அங்கே இருக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். முட்டியை அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்துவிட்டு ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, சின்ன வயசுல கொஞ்சமாவது எக்சர்சைஸ் பண்ணியிருந்தீங்கன்னா இவ்ளோ மோசமாயிருக்காது."

முப்பத்து நான்கு வருஷம் நான் பி.டி. டீச்சர். சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். சொன்னால் தொழிலுக்கே கெட்ட பெயர். அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஓடியது, குனிந்தது, குதித்தது எல்லாம் பெண் குழந்தைகள். நான் வேப்பமர நிழலில் நின்று விசில் ஊதினேன். நுரையீரலைச் சோதித்துப் பாருங்கள், இன்றைக்கும் புதுசு மாதிரி இருக்கும்.

அவள் முட்டியில் ஏதோ மருந்தைப் பீய்ச்சினாள். சில்லென்று ஒரு வாசனை. அதே வாசனைதான் எங்கள் பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியிலும் வரும். பெட்டிக்குள் அரை பாட்டில் டிஞ்சர், கொஞ்சம் பஞ்சு, யாரோ வைத்துவிட்டு மறந்த ஒரு கொண்டை ஊசி. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளி அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது விளையாட்டுச் சாமான்கள் என்று ஒப்படைக்கப்பட்டவை அந்தப் பெட்டியும், காற்றுப் போன ஒரு பந்தும், நான்கு ஸ்கிப்பிங் கயிறுகளும்தான். கயிறுகளில் ஒன்றை ஆயாம்மா துணி உலர்த்தக் கட்டியிருந்தார்.

நான் ஏன் பி.டி. டீச்சரானேன் என்று கேட்பீர்கள். உயரமாக இருந்தேன், அவ்வளவுதான். வேறு படிப்புக்கு மார்க் போதவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் அடுப்பு சரியாக எரியவில்லை. "பொம்மனாட்டி கழுத்துல விசிலக் கட்டிண்டு போறதாவது! அக்கம்பக்கத்து ஆத்துல கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள் அம்மா. கடைசியில் எல்லோரிடமும் "டீச்சரா இருக்கா" என்று மட்டும் சொல்லிச் சமாளித்தாள். முதல் நாள் புடவையைத் தூக்கிச் சொருகி, கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு மாமா செய்தித்தாளைத் தாழ்த்தி என் காலைப் பார்த்தார். அதற்குப் பிறகு பல வருஷம் காலைத் தவிர என்னிடம் வேறெதையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

பள்ளியில் எனக்கென்று மரியாதை ஒன்றும் கிடையாது. என் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். அவர் விட்டதை சயின்ஸ் டீச்சர் எடுத்துக்கொள்வார். மிச்சம் கிடைத்த ஒரே அதிகாரம் காலையில் தாமதமாக வருகிறவர்களைப் பிடிப்பது. அதை நான் விடவில்லை. கேட்டருகே நின்று, மணி அடித்த பிறகு வருகிற ஒவ்வொருத்தியையும் மைதானத்தை மூன்று சுற்று ஓட விட்டேன். மற்ற பெண்கள் இரண்டு நாள் ஓடிவிட்டு மூன்றாம் நாள் சீக்கிரம் வந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் ஒரு வருஷம் முழுக்கத் தாமதமாக வந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு. ஒல்லி, கறுப்பு, நெற்றியில் எப்போதும் வேர்வை. பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வருவாள். கேட்டைத் தாண்டியதும் பையை மரத்தடியில் வைப்பாள், நான் சொல்வதற்கு முன்பே ஓடத் தொடங்குவாள். முகத்தில் கோபம் இருக்காது. அதுவே எனக்குக் கோபமாக இருந்தது. மூன்றை ஐந்தாக்கினேன். ஐந்தும் ஓடினாள்.

ஒருநாள் அவள் அம்மா வந்தார். தலையில் மீன்கூடை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்: "இன்னா டீச்சர், எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு? விடிகாலைல எங்கூட கூடை தூக்கினு ராயப்பேட்டை வரிக்கும் வருது. அங்க எறக்கி வெச்சுட்டு ஓடியாருது. அத்தப் போயி மறுபடி ஓட வுட்றியே!"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் வயது இருபத்து மூன்று, கழுத்தில் விசில். "டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கும்மா" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, "மீனோய்" என்று குரல் கொடுத்தபடி அடுத்த தெருவுக்குள் போனார்.

அந்த வருஷம் ஜோனல் போட்டிக்கு யாரையாவது அனுப்பியே ஆகவேண்டும் என்றார் தலைமையாசிரியை. எண்ணூறு மீட்டருக்கு ஸ்டெல்லா பெயரைக் கொடுத்தேன். தினமும் ஓடுகிறவள் அவள் ஒருத்திதான். வெறுங்காலோடு ஓடினால் பள்ளிக்கு அழகில்லை என்று என் கான்வாஸ் ஷூவைக் கழற்றிக் கொடுத்தேன். நானோ உயரம், என் பாதமும் அப்படியே. முனையில் பழைய செய்தித்தாளைத் திணித்து அவள் காலில் மாட்டிவிட்டேன். "லூசா கீது டீச்சர்" என்றாள். "எல்லாம் சரியா இருக்கும், ஓடு" என்றேன்.

முதல் சுற்றில் அவள் கடைசி. தப் தப்பென்று வாத்து மாதிரி வந்துகொண்டிருந்தாள். வளைவில் ஒரு ஷூ தானாகக் கழன்றது. இன்னொன்றை அவளே உதறினாள். அது பறந்து போய் நடுவர்களின் மேஜையில், மோர் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்கப்புறம் நடந்தது எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். அவசரப்பட்ட மாதிரியே தெரியவில்லை. தினமும் எங்கள் பள்ளியில் பையை வைத்துவிட்டு ஓடுகிற அதே முகம். முதலாவதாக வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "ஷூ இன்னாச்சு டீச்சர்?"

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் எனக்குத்தான் கைதட்டல். "என்ன பயிற்சி கொடுத்தீங்க?" என்றார் தலைமையாசிரியை. தாமதமாக வந்ததற்குத் தண்டனை கொடுத்தேன் என்றா சொல்வது? "தொடர் ஓட்டப் பயிற்சி மேடம், படிப்படியா" என்றேன். மூன்று, பிறகு ஐந்து. படிப்படிதானே! செய்தி பரவி, நகரத்துப் பி.டி. ஆசிரியர்கள் கூட்டமொன்றில் என் பயிற்சி முறையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து வண்ணப் பென்சிலால் வரைபடம் போட்டேன். ஓடும் பெண்ணின் படத்துக்கு ஷூ வரைந்தது நினைவிருக்கிறது.

நன்றாகவே பேசினேன். கேள்விகூடக் கேட்டார்கள். திரும்பி வந்து, வரைபடத்தை வைக்க மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஸ்டெல்லா அடுத்து ஓடவேண்டிய மாவட்டப் போட்டியின் விண்ணப்பம் இருந்தது. அவளுடைய கையெழுத்து, அவள் அம்மாவின் கைநாட்டு, எல்லாம் சரியாக இருந்தன. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டியது மட்டும்தான் பாக்கி. கடைசி நாள் தாண்டி நான்கு நாள் ஆகியிருந்தது.

போட்டி நடத்துகிற அலுவலகத்துக்கு ஓடினேன், கெஞ்சினேன். முடியாது என்றார்கள். ஸ்டெல்லா தினமும் வந்து கேட்டாள். மூன்றாம் நாள் சொன்னேன்: "செலக்ட் ஆகலைம்மா."

"பரவால்ல டீச்சர்" என்றாள். "நாளைலேர்ந்து சீக்கிரம் வந்துர்றேன்" என்றாள். சொன்னபடியே வந்தாள். கூடையை யார் தூக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மைதானத்தில் அவளை நான் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிட்டாள்.

நான் மட்டும் நல்ல கோச் என்ற பெயரோடு இருந்தேன். எத்தனையோ அணிகள், எத்தனையோ விளையாட்டு விழாக்கள். விண்ணப்பம் என்றால் மட்டும் வந்த அன்றே அனுப்பிவிடுவேன். என் சுறுசுறுப்பை எல்லோரும் பாராட்டுவார்கள்.

ஓய்வு பெற்ற வருஷம், பட்டினப்பாக்கத்துக் கடலோரம் லூப் ரோடில் நடந்துபோகும்போது, "ஐய, டீச்சரா?" என்று ஒரு குரல். மீன் விற்கிற பெண்கள் வரிசையில் ஸ்டெல்லா. தலையில் நரை, மடியில் பேத்தி. எனக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். மீன் வாசனைக்கு மூக்கைப் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். அன்றைக்கு முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போது சொல்லிவிட்டேன், விண்ணப்பம், இழுப்பறை, வரைபடம் எல்லாவற்றையும்.

அவள் கத்தி வஞ்சிரத்தின் மேல் நின்றது. "அப்போ, நான் ஓடினது பத்தாதுன்னு யாரும் சொல்லலியா டீச்சர்?"

"இல்லைம்மா. யாரும் சொல்லலை."

"எனக்கு ஓட வராதுன்னே நெனைச்சிக்கினு வுட்டுட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். வாடிக்கைக்காரர் ஒருவர் துண்டு போடச் சொல்லி அவசரப்படுத்தினார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் போகிறவரைக்கும் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுபடி போகப் பல வருஷம் ஆயிற்று. கோபாலபுரத்து மைதானத்தில் இப்போது ஏசி வகுப்பறைகள் நிற்கின்றன. வேப்பமரம் இருந்த இடத்தில் பள்ளி வேன்கள். தெருவில் கூடை தூக்கி வருகிறவர்களும் இல்லை. மீன் போனில் கேட்டால் வருகிறதாம். லூப் ரோடு வரிசையை ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். போன மாதம் முட்டி வலியோடு அங்கே படியேறினேன். கடை கடையாகக் கேட்டதில் ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "ஸ்டெல்லாக்காவா? கெவருமெண்ட்ல வூட்ட ஊருக்கு வெளிய பெரும்பாக்கம் பக்கம் மாத்திக் குடுத்துட்டாங்கோ. இப்ப இங்க வர்றதில்ல. நீங்க யாரு?"

"ஸ்கூல்ல அவளுக்கு பி.டி. டீச்சர்" என்றேன். "அவ ரொம்ப நல்லா ஓடுவா, தெரியுமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஸ்டெல்லாக்காவா? பதினஞ்சு வருசம் பக்கத்துலயே கடை போட்டுக்கினு இருந்தேன். ஒருநாளும் சொன்னதில்லியே!"