ஜோதி அக்கா தட்டு

நேற்று கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் விளிம்பு நெளிந்த எவர்சில்வர் தட்டில் இட்லி வைத்தார்கள். விரல் அந்த நெளிசலைத் தடவியதும், இப்போது இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிற எங்கள் அன்னவாசல் ஹாஸ்டலின் சாப்பாட்டுக் கூடம் நினைவில் வந்துவிட்டது. உப்புமா வாசனை, தட்டுகள் மொத்தமாகச் சரியும் சத்தம், ஈரப் பின்னலோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள்.

அந்த அடுக்கில் நெளிந்த தட்டு ஒன்றுதான். ஜோதி அக்கா தட்டு என்பார்கள். எங்கள் ஹாஸ்டலிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள் ஜோதி அக்கா. அதில் சாப்பிட்டால் மார்க் வரும் என்று பரீட்சை நாட்களில் அடிதடியே நடக்கும். ஒருமுறை அது கிடைத்து, கணக்கில் தொண்ணூறு எடுத்ததிலிருந்து நானும் நம்பினேன்.

நான் பத்தாவது படித்தபோது, கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம், ஜோதி அக்கா எங்களைப் பார்க்க வந்தார். எங்களோடு தரையில் உட்கார்ந்தவருக்குப் பெருமையாக அந்தத் தட்டை வைத்தோம். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இது எந்தட்டு இல்ல புள்ளைகளா. எங்கூடப் படிச்ச எஸ்தரு தட்டு. பத்தாவதுல ரெண்டாந்தடவையும் ஃபெயிலாகி, கோவத்துல தரையில ஓங்கி அடிச்சா. அந்த நெளிசல்தான் இது."

சாம்பார் வாளி வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மணி அடித்ததும் எல்லோரும் ஓடினோம், அதே தட்டுக்கு. எனக்குத்தான் கிடைத்தது.