ஒரு தலைக்கான தண்ணீர்

குழாயைத் திறப்பதற்கு முன் அதன் வாயைக் கொண்டை ஊசியால் சுரண்டுகிறாள். வெள்ளைப் பொருக்கு தொட்டியில் உதிர்கிறது. அதன் பிறகுதான் தண்ணீர் நேராக விழும்; இல்லாவிட்டால் பக்கவாட்டில் பீய்ச்சி எதிரேயுள்ள கண்ணாடியை நனைத்துவிடும். நனைந்து காய்ந்த கண்ணாடி அம்மை வார்த்த முகம்போல் ஆகிவிடும். அவளுக்குக் கண்ணாடிதான் பிழைப்பு. வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டி, அலசி, சாயம் போட்டு விடுகிறாள். தெருவில் எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா; அவளைவிட மூத்தவர்களுக்கும்.

"இது தண்ணி இல்ல, கரைச்ச சுவரு" என்பாள். பேருந்து நிற்கும் இடத்தைச் சொல்வதுபோல, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல்.

அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரிதிரியாகத் திரண்டு கையில் ஒட்டும். வாளிகளின் உட்புறம் பூசாத சுவர்போல் சொரசொரக்கும். காய்ந்த துண்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் நிற்கும். கணவனின் கறுப்புச் சட்டைகளெல்லாம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. போன மாதம் ஹீட்டர் பழுதானபோது மெக்கானிக் உள்ளே இருந்த கம்பியை உருவிக் காட்டினான். விரல் கனம் இருக்க வேண்டியது மணிக்கட்டுக் கனத்துக்கு வெளுத்துப் பருத்திருந்தது.

"அக்கா, இது என் கையில ஒடஞ்சா என்னைத் திட்டாதீங்க."

"திட்டுறதுக்கு முதல்ல தெம்பு வேணுமேப்பா."

வாடிக்கையாளர் தலையில் மட்டும் குழாய்த் தண்ணீர் படாது. ஆரம்பத்தில் அந்தத் தண்ணீரிலேயே வினிகர் கலந்து அலசிப் பார்த்தாள். வங்கியில் வேலை பார்க்கும் மேடம் ஒருநாள் சொன்னாள்: "உன்கிட்ட தலையைக் குடுத்துட்டு பஸ் ஏறினா, பக்கத்துல உக்காந்தவ ஊறுகாய் பாட்டில் ஒழுகுதான்னு அவ பையைத் தொறந்து பாக்குறா." அன்றோடு வினிகர் போயிற்று, மூடி போட்ட நீல டிரம் ஒன்று முன்னறை மூலைக்கு வந்தது. கணவன் வேலை செய்யும் அச்சகம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். அங்கே நல்ல தண்ணீர். வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இரண்டு கேன்களை நிறுத்தி, முழங்கால்களை அகட்டிக்கொண்டு வருவான். "வண்டி ஓட்டுறேனா, தவளை மேல சவாரி போறேனான்னு எனக்கே தெரியல" என்பான்.

டிரம்மை வீட்டு ஆட்கள் தொடக் கூடாது என்பது சட்டம். "நம்ம தலைய யாரு பாக்கப் போறா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

ஊரார் தலையெல்லாம் பட்டாய் வழிய, அவள் மகளின் முடி மட்டும் தேய்ந்த துடைப்பமாய் நிற்கிறது. சீப்பை வைத்தால் பாதியில் ஒடியும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுவும் உங்க கைவேலையா?" என்று சிரித்தாள். அன்று மாலை அவள் மகளிடம், "கஸ்டமர் இருக்கிறப்ப முன்னாடி வராத" என்றாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அழைப்புமணி அடித்தாலே மகள் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள்.

இந்த வாரம் கணவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் கேன்கள் வரவில்லை. டிரம்மின் அடியில் ஒரு தலைக்கான தண்ணீர் இருக்கிறது. பதினோரு மணிக்கு வங்கி மேடம் சாயம் போட வருகிறாள். எதிர்ச்சாரியில் பெரிய கண்ணாடிக் கதவோடு சலூன் திறந்த பிறகும் இங்கேயே வருபவள் அவள் ஒருத்திதான்.

மகள் பையோடு முன்னறைக்கு வந்தாள். நாளைக்கு ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்கிறாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் தோழியின் அறையில் தங்கப் போகிறாள்.

"அம்மா, காதுக்கு மேல வெட்டி விடு."

"ஏன்டி? அங்கதான் நல்ல தண்ணி வருமே. ரெண்டு மாசத்துல தேறிடும்."

"நாளைக்குக் காலையில உக்காரணும். ரெண்டு மாசம் எல்லாரும் கண்ண மூடிட்டா வருவாங்க?" அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பார்லர்காரி பொண்ணுன்னு சொன்னா யாரு நம்புவா? நான் சொல்லவும் போறதில்ல."

மகளின் குரலில் கோபம் இல்லை. தாய் கத்திரியை எடுத்தாள். ஒரு கொத்து முடியை விரலிடையே பிடித்தாள். வைக்கோலைப் பிடித்ததுபோல இருந்தது. இந்தத் தலையைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

"சீக்கிரம்மா. மேடம் வர்ற நேரம். நான் உள்ள போகணும்."

கத்திரியைத் தட்டில் வைத்துவிட்டு டிரம்மின் மூடியைத் திறந்தாள்.

"அம்மா, அது அவங்களுக்கு வச்சது."

"தலையைச் சாய்."

முதல் குவளை முடியில் இறங்கி ஓடியது. ஷாம்பூவைத் தேய்த்தாள். நுரை பொங்கியது, மகளின் காதுகளை மூடி, கழுத்துவரை வழிந்தது. தன் மகள் தலையில் இவ்வளவு நுரையை அவள் பார்த்ததே இல்லை. விரல்கள் உச்சியிலிருந்து பிடரிக்கு மெல்ல இறங்கின. மகள் கண்களை மூடிக்கொண்டாள்.

அழைப்புமணி அடித்தது. திறந்தே கிடந்த கதவில் வங்கி மேடம், கையில் குடையுடன். மகள் திடுக்கிட்டு எழப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்து, அவள் மகளை மறுபடி சாய்த்தாள்.

"என்ன அக்கா, எனக்குச் சொன்ன நேரம்தானே இது?" என்ற மேடம் நாற்காலியில் இருந்தவளை எட்டிப் பார்த்தாள். "யாரு இது?"

"என் பொண்ணு, மேடம்" என்றாள். கைகள் நுரையிலிருந்து வெளியே வரவில்லை. ஓரமாகக் கிடந்த ஸ்டூலைக் காலாலேயே மேடத்தின் பக்கம் தள்ளிவிட்டாள்.